டெக்னிக்கல் காலேஜுக்கு நீ வர வேண்டாம்

மகனே,

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது உன் கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்றபடியே படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நம் ஊர் டெக்னிக்கல் காலேஜில் பட்டறை ஆசிரியர் வேலை ஒன்று காலியாகிறது என்று கூடப்படித்த ஒருவன் மூலம் கேள்விப்பட்டதாகவும், வடக்கே உருக்காலை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்துவிடலாம் என்று தீர்மானித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அம்மா மவுத்தான பிறகு அத்தா தனியாகக் கிடக்கிறார், இந்த வருஷம் ரிட்டயரும் ஆகிறார், பக்கத்தில் இருந்தால் ஒரு வாய் சுடுசோறாவது அவருக்குக் கிடைக்கும் என்று யோசித்திருக்கிறாய். அதுவரைக்கும் சரி. கடைசியில், வேலுச்சாமி சார் மாதிரி ஒரு வாத்தியாராக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு ஆசை என்று ஒரு வரி எழுதினாய் பார், அதைப் படித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை உன்னைத் தவிக்கவிட வேண்டாம். வராதே. ஏன் என்று நீ கேட்பாய். சின்ன வயதிலிருந்தே ஏன் என்று கேட்காமல் நீ ஒரு காரியமும் செய்ததில்லை. அதனால் இந்தக் காலேஜின் கதையை உனக்கு எழுதுகிறேன். எனக்கே கதை சொல்கிறீர்களா, நான் அங்கே படித்தவன் ஆயிற்றே என்று நினைக்காதே. நீ மூன்று வருஷம் இருந்தாய். நான் அது பிறந்த நாளிலிருந்து ஸ்டோர்கீப்பராக அதன் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறேன். உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீ போன பிறகு நடந்ததை உனக்கு எழுதாமலே வந்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை, நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பேச்சு கிளம்பியது. மதுரையில் இருக்கிறது, கோயம்புத்தூரில் இருக்கிறது, திண்டுக்கல்லுக்கு மட்டும் ஏன் ஒரு டெக்னிக்கல் காலேஜ் இல்லை என்று ஊர் வியாபாரிகள் ஒரு கமிட்டி போட்டார்கள். புகையிலைக்காரர், பூட்டுக் கம்பெனிக்காரர், தோல் ஷாப்புக்காரர் எல்லோரும் அதில் இருந்தார்கள். என் அண்ணன், உன் பெரியத்தாவும் இருந்தார். மெட்ராஸுக்குப் போனார்கள், மாலை போட்டார்கள், கையெழுத்து வாங்கி வந்தார்கள். நான் அப்போது தோல் பதனிடுகிற பெரியத்தாவின் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நாற்றம் உன் சட்டையில் ஏறிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு அப்போதிருந்த வைராக்கியம். காலேஜில் ஸ்டோர்கீப்பர் வேலை என்றதும் ஓடினேன். பெரியத்தா தடுக்கவில்லை. "போலே, போ. அங்கிட்டாவது மூக்கப் பொத்தாம வேல பாரு" என்றார். அவர் சொன்னதும் பலிக்கவில்லை. பழனி ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு புகையிலைக் கிட்டங்கியில்தான் காலேஜ் ஆரம்பித்தது. சுவரெல்லாம் புகையிலை நெடி ஊறிக் கிடந்தது. பையன்கள் தும்முவார்கள், வாத்தியார் தும்முவார், கரும்பலகையில் சாக்பீஸ் கோணும். நீ சேர்ந்த முதல் மாதம் வீட்டுக்கு வந்து, "அத்தா, இன்னைக்கு கணக்கே நடக்கல, தும்மல்தான் நடந்துச்சு" என்று சொன்னாய்.

நீ சேர்வதற்கு முந்தின வருஷம் மிஷின்கள் வந்து இறங்கின. லேத்து, டிரில்லிங் மிஷின், இன்னும் என்னென்னவோ, எல்லாம் கெட்டியான மரப்பெட்டிகளில் ஆணியடித்து வந்தன. லாரியிலிருந்து இறக்கக் கிரேன் ஏது? பனந்துண்டுகளை அடியில் கொடுத்து உருட்டிக்கொண்டு போனார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு பெட்டியை உள்ளே தள்ளியதும் ஜனங்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் கமிட்டித் தலைவர் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, இந்தப் பெட்டிகளை மந்திரி தம் திருக்கரத்தால் திறந்து வைப்பார் என்று அறிவித்தார். மறுநாள் பேப்பரிலும் வந்துவிட்டது. அந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பெட்டிகளின் மேல் அரக்கு முத்திரை வைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். மந்திரி அடுத்த மாதம் வருவார் என்றார்கள்.

மந்திரி வரவில்லை. அடுத்த மாதம் அடுத்த வருஷம் ஆயிற்று. வெள்ளம் என்றார்கள், தேர்தல் என்றார்கள், மந்திரிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், பிறகு மந்திரியே மாறிவிட்டார் என்றார்கள். புது மந்திரியிடம் போய்ப் புதுமாலை போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பெட்டியைத் திறந்து பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்போம், விழாவைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மரியாதைக் குறைச்சல் ஆகிவிடுமாம். கல்யாணத்துக்குப் பெரிய மனிதர் வரவில்லை என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் வருஷக்கணக்கில் மணவறையிலேயே உட்காரவைத்த கதைதான். ஆயுத பூஜை வந்தால் மட்டும் தார்ப்பாயை விலக்கி, பெட்டிகளுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுவார்கள். பொரிகடலை வாங்கி வருவது என் வேலை. முடிந்ததும் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடுவோம். இதைப் பெரியத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகமிருக்கும். "ஏலே, இம்புட்டுப் பேரு சேந்து பொட்டிக்குப் பூச போடவா மெட்ராசுக்குப் போயி கால்ல விழுந்தோம்?" என்றார். அந்தக் கமிட்டியில் அவரும் ஒரு ஆள் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேலுச்சாமி சார் வந்தார். பழனிப் பக்கத்து ஆயக்குடிக்காரர், கொய்யாத் தோட்டத்துக் குடும்பம். திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது ஒரு சாக்கு நிறையக் கொய்யாப்பழத்தோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லேத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிச் சலித்துப்போய், ஒருநாள் உங்களையே லேத்தாக நிறுத்தினாரே. ஒருத்தன் மோட்டார், ஒருத்தன் சுற்றுகிற சக்கு, ஒருத்தன் வெட்டுகிற டூல். நீ அசையாமல் முனையைத் தாங்கிப் பிடிக்கிற டெயில்ஸ்டாக். நான் ஸ்டோர் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து அந்தச் சக்குப் பையன் விழ, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சாரும் சிரித்தார். பிறகு என் பக்கம் வந்து நின்றுகொண்டு, "பாய், சிரிக்கறதுக்கு நல்லாத்தானிருக்குதுங்க. இந்தப் பசங்க நாளைக்கு ஒரு பேக்டரிக்குள்ள போயி நின்னா என்ன ஆவானுங்க?" என்று கேட்டார். அப்போது அவர் கண் கலங்கியிருந்ததை நீ பார்க்கவில்லை.

செய்முறைப் பரீட்சை எப்படி நடந்தது என்பதும் உனக்கு மறந்திருக்காது. வெளியூரிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்தார். மூடிக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார், பிரின்சிபாலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டார். சாயங்காலம் ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டு, லேத்தை எப்படி ஓட்டுவாய், வாயால் சொல் என்றார். நீ கடகடவென்று சொன்னாய். முதல் மார்க்கு உனக்குத்தான். அன்றைக்கு உன் அம்மா பாயசம் வைத்தாள். என் கிண்ணத்தை நான் தொடவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்குக் காலேஜ் லீவு. பழனிக்குப் போகிற காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சார் ஊருக்குப் போகாமல் காலையிலேயே நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க பாய், அந்தச் சாவிய ஒருநாளைக்குக் குடுக்க முடியுங்களா? ஒரே ஒரு பொட்டிங்க. பாத்துட்டு மூடிருவோம்" என்றார். பூசத்தன்றைக்கு ஆயக்குடிக்காரர் மலைக்குப் போகாமல் இங்கே நிற்கிறீர்களே என்றேன். "முருகன் கோவிச்சுக்க மாட்டாருங்க. இதுவும் அவரு வேலதானுங்க" என்றார். நான் யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். சாவியை எடுத்துக்கொண்டு நானும் வந்தேன். நீயும் இன்னும் இரண்டு பையன்களும் வந்தீர்கள். ரோட்டில் மேளம் அடிக்க அடிக்க, அந்தச் சத்தத்துக்குள் சார் கடப்பாரையால் ஆணியைப் பிடுங்கினார். வைக்கோலை அள்ளிப் போட்டோம். எண்ணெய்க் காகிதத்தைக் கிழித்ததும் லேத்து தெரிந்தது. புதுசு, பச்சை வர்ணம், அடித்தளம் கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்தது. நீங்கள் மூன்று பேரும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். "தொடுங்கப்பா. தொட்டுப் பாருங்க. உங்களுக்குத்தான் வந்துருக்குது" என்றார் சார். நீ சக்கைப் பிடித்து மெல்லத் திருப்பினாய். சத்தமே இல்லாமல் சுற்றியது. உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடையெல்லாம் லீவு, மறுநாள் கிரீஸ் வாங்கிப் போட்டு ஆணியடிக்கலாம் என்று தார்ப்பாயை மட்டும் இழுத்து மூடிவிட்டு வந்தோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எண்ணெய்க் கையோடு சாப்பிட உட்கார்ந்தாய். "ஏலே, கையக் கழுவிட்டு வாடா, சோறெல்லாம் எண்ணெ நாறும்" என்று அம்மா கத்த, நீ கழுவமாட்டேன் என்று அடம்பிடித்தாய். அந்த நாளை வைத்துக்கொண்டுதான் நீ இப்போது வேலை கேட்கிறாய். எனக்குத் தெரிகிறது.

மறுநாள் என்ன நடந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வாட்ச்மேன் கமிட்டித் தலைவரிடம் சொல்லிவிட்டான். பிரின்சிபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "மந்திரி கையால திறக்க வேண்டிய பெட்டி. நீங்க யாரு சார் திறக்க?" என்றார். "பசங்க படிக்கணுங்களே சார்" என்றார் வேலுச்சாமி சார். "படிக்கிறதுக்கு போர்டு இருக்கில்ல?" என்று கேட்டார் பிரின்சிபால். உடனே அந்தப் பெட்டியை ஆணியடித்து மூடச் சொன்னார். சார் கையெடுத்துக் கும்பிட்டார். "அரை மணி நேரம் குடுங்க சார். பசங்க கை பட்டிருக்குது, வேர்வ பட்ட எடம் துருப்புடிச்சுருமுங்க. கிரீஸ் போட்டுக் காகிதம் சுத்தி மூடிடறனுங்க" என்று கெஞ்சினார். இன்னொரு தடவை அந்தப் பெட்டிப் பக்கம் போனீர்களானால் வேலை இருக்காது என்றார் பிரின்சிபால். அட்டெண்டர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அப்படியே ஆணியடித்தான். சாருக்கு இன்கிரிமென்டை நிறுத்தி, தூரத்தில் வேறொரு ஊருக்கு மாற்றினார்கள். எனக்குத் திட்டு மட்டும்தான். தோல் ஷாப்புக்காரர் தம்பி என்று விட்டுவிட்டார்கள்.

நீ டிப்ளமோ வாங்கிக்கொண்டு வடக்கே போனாய். முதல் நாள் உன்னை ஒரு லேத்துக்கு முன்னால் நிறுத்தி ஓட்டச் சொன்னதையும், எந்தச் சுவிட்ச் என்று தெரியாமல் நீ நின்றதையும், பக்கத்திலிருந்தவர்கள் உன் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்ததையும், பிறகு உன்னை லேத்தடியில் விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டிப் பெருக்குகிற வேலையில் போட்டதையும் நீ எழுதியிருந்தாய். நாலே வரிதான் எழுதினாய். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. மகன் சௌக்கியமாக இருக்கிறானாம் என்று மட்டும் சொன்னேன். கூட்டிக்கொண்டே, பார்த்துக்கொண்டே, நீயாகக் கற்றுக்கொண்டு இன்றைக்கு ஒரு பகுதிக்கே மேஸ்திரியாக நிற்கிறாய். அதில் இந்தக் காலேஜுக்கு ஒரு பங்கும் கிடையாது.

நீ போன மறு வருஷம் மந்திரி வந்தார். புதுக் கட்டடம், வர்ணத் தோரணம், நாதஸ்வரம் எல்லாம் இருந்தன. மந்திரி சுவிட்சைப் போட்டால் ஒரு மிஷின் ஓட வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? பெட்டிக்குள் இருப்பதை விழாவுக்கு முன்னால் திறக்க முடியாது. திறந்த உடனே ஓட்டவும் முடியாது. அதனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு பழைய லேத்தை இரவல் வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பச்சை வர்ணம் அடித்து நிறுத்தினார்கள். மந்திரி சுவிட்சைப் போட்டார். அது கடகடவென்று ஓடியது. எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். "எந்த நாட்டு மிஷின்?" என்று கேட்டார் மந்திரி. "ஜெர்மனி சார்" என்று சொல்லிக்கொண்டே, கோயம்புத்தூர் என்று எழுத்து வார்த்திருந்த இடத்தை மறைத்துப் பிரின்சிபால் நகர்ந்து நின்றார். பொழுது சாய்வதற்குள் பட்டறைக்காரர் வண்டியோடு வந்து, "என் பொழப்பு நிக்குது சார், குடுங்க" என்று சண்டை போட்டு எடுத்துக்கொண்டு போனார். அந்த விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த தகப்பன்கள் எத்தனையோ பேர். என் பிள்ளையும் இதை ஓட்டப் போகிறான் என்று ஒருத்தர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

மந்திரி ஒரு பெட்டியின் ரிப்பனை வெட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் எல்லாவற்றையும் திறந்தோம். கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. பெல்ட்டுகளை எலி தின்றிருந்தது. எல்லா மிஷினிலும் துரு. நாம் தைப்பூசத்தன்று திறந்த அந்த லேத்தில் மட்டும் துரு கெட்டியாகப் படிந்து, அடித்தளமே அரித்துப்போயிருந்தது. வேலுச்சாமி சார் அப்போதுதான் மாற்றல் முடிந்து திரும்பி வந்திருந்தார். கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இதுல கைய வச்சது யாரு?" என்று கமிட்டித் தலைவர் கத்தினார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். கிரீஸ் போட அரை மணி நேரம் கேட்டாரே, நீங்கள்தானே விடவில்லை என்று நான் பிரின்சிபாலிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "நீ ஸ்டோரப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு சார் அந்த லேத்துக்குப் பக்கத்தில் போய், துருப்பிடித்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அதில் மூன்று நான்கு கை அடையாளங்கள் மாதிரி இருந்தன, அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றியது. "நான் தொறக்காம இருந்துருந்தா இது பொழச்சிருக்குமுங்களா பாய்?" என்று கேட்டார். இல்லை சார், கூரை ஒழுகினால் எதுதான் பிழைக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவரை நீ பார்த்ததில்லை. நான் தினமும் பார்க்கிறேன். கொய்யாப்பழம் கொண்டுவருவது நின்றது. போர்டில் படம் வரைவது நின்றது. ஒரு பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுதிக்கங்க, எழுதிக்கங்க என்று வாசிப்பார். மணி அடித்தால் வரியின் நடுவிலேயே நிறுத்திவிட்டுப் போய்விடுவார். பிறகு அரசாங்கம் புது மிஷின்கள் அனுப்பியது. சிமெண்டு மேடை கட்டி நிறுத்தினார்கள், மின்சார இணைப்பும் கொடுத்தார்கள். ஓடுகிற மிஷின்கள் அவை, பெட்டியில் இல்லை. பட்டறைச் சாவி சாரிடம்தான் இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் திறப்பார், மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். போன மாதம் ஒரு பையன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு ஒரு மிஷினைத் தொட்டிருக்கிறான். சார் ஓடிவந்து அவன் கையை இழுத்து அடித்துவிட்டார். "தொடாதே, தொடாதேங்கறேன்!" என்று அவர் கத்தியது ஸ்டோர் வரைக்கும் கேட்டது. நான் வெளியே வந்து பார்த்தபோது பையன் அழவில்லை. சார்தான் நடுங்கிக்கொண்டு நின்றார்.

இதற்கு மேல் காலேஜைப் பற்றி என்ன எழுத? கட்டடம் பெரிதாகிவிட்டது. ஹாஸ்டல் இருக்கிறது, ஆர்ச் இருக்கிறது, ஆண்டு விழாவில் இருபத்தைந்து சொற்பொழிவாளர்கள் பேசினாலும் சலிக்காத மேடை இருக்கிறது. படித்து வெளியே வருகிறவர்களுக்கு வேலைதான் இல்லை. பேக்டரிகளே ஆளைக் குறைக்கிற காலம். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் டிப்ளமோக்காரர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கன்னிவாடியிலிருந்து ஒரு விவசாயி நிலத்தை ஒத்திக்கு வைத்து மகனைப் படிக்கவைத்தார். அந்தப் பையன் என்னிடம் வந்து, நான் ரிட்டயர் ஆவதற்குள் காலேஜில் அட்டெண்டராகவாவது சேர்த்துவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டான். முதல் வகுப்பில் தேறியவன். அவனை ஏறிட்டுப் பார்க்க எனக்கு முகமில்லை.

நீ வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்கிறாய். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. நீ கெட்டிக்காரன், கை வேலை தெரிந்தவன், நாலு பேரிடம் துணிந்து பேசுவாய். என்னைவிட நீ ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வேலுச்சாமி சாரைவிட நீ மேல் என்று என்னால் சொல்ல முடியாது. அவரையே இந்த இடம் இப்படி ஆக்கிவிட்டதென்றால் உன்னை என்ன பண்ணும்? முதல் வருஷம் சண்டை போடுவாய். இரண்டாம் வருஷம் மெமோ வாங்குவாய். அதற்குப் பிறகு உன் இடுப்பிலும் ஒரு சாவி தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் உன் கையால் சுடுசோறு சாப்பிட வேண்டுமா? அங்கே யாரையும் கேட்காமல் நீ காலையில் போய் மிஷினை ஓட்டுகிறாய். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் உனக்கு அது பழகிவிட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம், சார் வீட்டுக்கு வந்தார். மாற்றலாகிப் போன பிறகு நம் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. நாற்காலியைப் போட்டேன், டீ போட்டுக் கொடுத்தேன், அதை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி வாரானாமுங்க?" என்றார். எழுதியிருக்கிறான் சார் என்றேன். "எங்கிட்டத்தான் கேப்பாங்க. நான் ஒரு வார்த்த நல்லபடியா சொன்னா ஆர்டர் வந்துருமுங்க" என்றார். நல்ல செய்தி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் மனசு துள்ளியது. வராதே என்று உனக்கு எழுத வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தவன்தான், ஆனாலும் துள்ளியது. பெத்த மனசு அப்படித்தான். அவர் குனிந்துகொண்டே, "சொல்ல மாட்டனுங்க பாய். தப்பா நெனைக்காதீங்க" என்றார். ஏன் சார் என்றேன். ஆறிய டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "அவன் வந்தா என்னையப் பாத்துருவானுங்க" என்றார். "இந்த ஊருல எல்லாத்துக்கும் நான் சாவிக்காரன். அவன் ஒருத்தன் மனசுலதான் அந்தப் பழைய ஆளா இருக்கறனுங்க. அவனை வரச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். வாசல் வரை கூடப் போனேன்.

அவருக்காக நீ வராமல் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. உனக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டதையும் உன்னிடம் சேர்த்துவிட்டேன். லீவு போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். அதுவும் வேண்டாம். வந்தால் காலேஜைப் பார்க்காமல் நீ இருக்கமாட்டாய், அவரைப் பார்க்காமலும் இருக்கமாட்டாய். நான் அங்கே வரலாம் என்றால், இந்தக் கண்ணையும் காலையும் வைத்துக்கொண்டு மெட்ராஸைத் தாண்டுவது என்னால் ஆகாது, அது உனக்கே தெரியும். அப்படியானால் நாம் இனிமேல் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. இருந்தாலும் நீ வராதே.

உன் அத்தா